செத்த ப்ராசஸின் மெமரியில் எழுதிய டிரைவர்

எங்கள் கேமரா கார்டின் லினக்ஸ் டிரைவரில் ஒரு பிழை மாதத்துக்கு ஒருமுறை தலைகாட்டும். ஒவ்வொரு முறையும் கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) வேறு வேறு இடத்தில் விழுந்து கிடக்கும். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டதால் அது என் தலையில் விடிந்தது.

டிரைவர் செய்வது சின்ன வேலைதான். ஒரு ப்ராசஸ் (ஓடும் புரோகிராம்) டிவைஸைத் திறந்ததும் அதன் எம்எம் ஸ்ட்ரக்ட் (ப்ராசஸின் மெமரி பற்றிய கெர்னலின் குறிப்பேடு) பாயிண்டரைக் குறித்து வைத்துக்கொள்ளும். படம் தயாரானதும் வொர்க்கியூ த்ரெட் (பின்னணியில் வேலை பார்க்கும் வொர்க்கர்) அந்த பாயிண்டரைப் பிடித்து, ப்ராசஸின் மெமரியில் விவரங்களை எழுதும். ரெஃபரன்ஸ் கவுண்ட் (எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை) எதையும் ஏற்றவில்லை. ப்ராசஸ் செத்தால் டிவைஸ் ஃபைல் மூடப்படும், டிரைவரின் ரிலீஸ் ஃபங்ஷன் வந்து வேலையை ரத்து செய்துவிடும், பிறகென்ன பயம் என்பது அவர் கணக்கு.

ப்ராசஸை முடித்துவைக்கும் கெர்னலின் டூ_எக்ஸிட் ஃபங்ஷனைத் திறந்து படித்ததும் கணக்கு தப்பிய இடம் தெரிந்தது. அங்கே எக்ஸிட்_எம்எம் முதலில், எக்ஸிட்_ஃபைல்ஸ் அப்புறம்தான். மெமரி போன பிறகே ஃபைல் மூடப்படுகிறது. நடுவில் வொர்க்கர் ஓடினால் தொலைந்தது.

காரணம் கிடைத்துவிட்டது, ஆனால் நிரூபிக்க முடியவில்லை. க்யூஎமு விர்ச்சுவல் மெஷினில் 4 சிபியு கொடுத்து, கேசான் (மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கருவி) போட்டு கெர்னலை பில்ட் செய்தேன். வொர்க்கருக்குள் வேண்டுமென்றே ஒரு தாமதம் வைத்தேன். ப்ராசஸைத் தொடங்குவது, சிக்கில் சிக்னல் அனுப்பிக் கொல்வது, மறுபடி தொடங்குவது என்று ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால் லாக் சுத்தமாக இருந்தது.

அப்போதுதான் வாடிக்கையாளரின் புரோகிராமை எஸ்ட்ரேஸில் (கெர்னலை என்னென்ன கேட்கிறது என்று காட்டும் கருவி) பார்த்தேன். டிவைஸைத் திறந்த பிறகு அது ஃபோர்க் செய்து (தன்னையே நகலெடுத்து) ஓர் உதவி ப்ராசஸை உண்டாக்குகிறது. டிவைஸின் ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த ஃபைலைக் குறிக்கும் எண்) அந்தக் குழந்தை ப்ராசஸுக்கும் போய்விடுகிறது. தாய் செத்தாலும் குழந்தை அதைப் பிடித்துக்கொண்டிருப்பதால் ரிலீஸ் வரவே வராது. என் டெஸ்டிலும் ஒரு ஃபோர்க் சேர்த்தேன். இரண்டே நிமிடத்தில் கேசான் கத்தியது: யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ (விடுவித்த மெமரியைத் தொடுவது), வொர்க்கர் ப்ராசஸின் மெமரியைப் பிடிக்கும் கேத்ரெட்_யூஸ்_எம்எம் உள்ளே.

அந்த ரிப்போர்ட் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. மெமரியை விடுவித்தது யார் என்ற பகுதியில் சம்பந்தமே இல்லாத ஒரு ஷெல் ப்ராசஸின் பெயர் இருந்தது. அதை நம்பி ஷெல்லைத் துரத்தினேன். விஷயம் வேறு. செத்துக்கொண்டிருக்கும் ப்ராசஸும் கடைசிவரை சிபியுவில் ஓட ஒரு பேஜ் டேபிள் (மெமரி முகவரிகளின் அட்டவணை) வேண்டும். அதனால் எக்ஸிட்_எம்எம் உள்ளே இருப்பதைக் காலி செய்தாலும், எம்எம் ஸ்ட்ரக்ட் என்ற கூட்டை மட்டும் விட்டுவைக்கிறது. பின்னால் அந்த சிபியு வேறொரு யூசர் ப்ராசஸுக்கு மாறும்போதுதான் கூடு விடுவிக்கப்படுகிறது, அதுவும் புதிதாக வந்தவரின் பெயரில். முதல் ராத்திரி ஒன்றும் கிடைக்காததற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். கூடு இருக்கும்வரை வொர்க்கர் எழுதப் போனால் வெறும் ஈஃபால்ட் (தவறான முகவரி) பிழை வரும், யாரும் கவனிக்கமாட்டார்கள். கூடு போன பிறகு அதே இடம் இன்னொரு ப்ராசஸின் எம்எம் ஆகிவிட்டால், நம் டிரைவர் கூச்சமே இல்லாமல் அடுத்தவர் மெமரியில் எழுதிவிட்டு வரும். க்ராஷ் ஆனதே நல்லது என்று தோன்றியது.

முதல் திருத்தம் முட்டாள்தனமானது: ப்ராசஸ் வெளியேறுகிறதா என்று கொடியைப் பார்த்துவிட்டு எழுதுவது. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் அது செத்தால்? தூக்கிப் போட்டேன்.

இரண்டாவது, டிவைஸைத் திறக்கும்போது எம்எம்கெட் (எம்எம்மின் கவுண்டை ஏற்றுவது), மூடும்போது எம்எம்புட் (இறக்குவது). கேசான் அமைதியானது, நானும் சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் பார்த்தால் விர்ச்சுவல் மெஷினில் மெமரி கரைந்துகொண்டிருந்தது. ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பீஎஸ் பட்டியலில் ப்ராசஸ் இல்லை, ஆனால் டிரைவர் மாட்யூலைக் கழற்றப் போனால் பயன்பாட்டில் இருக்கிறது என்கிறது. எங்கள் பஃபரை ப்ராசஸ் எம்மேப் செய்திருந்தது (தன் மெமரியோடு இணைத்திருந்தது). அந்த மேப்பிங் ஃபைலைப் பிடித்திருக்கிறது, ஃபைல் எம்எம்மைப் பிடித்திருக்கிறது, எம்எம் கலைந்தால்தான் மேப்பிங் விடும். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு மூன்றுமே சாகவில்லை.

எம்எம்மில் இரண்டு கவுண்ட் இருப்பது அப்போதுதான் உறைத்தது. எம்எம்_யூசர்ஸ், வீட்டில் குடியிருப்பவர்களின் எண்ணிக்கை. அது பூஜ்யமானால் சாமான்கள் எல்லாம் காலி. எம்எம்_கவுண்ட், வீட்டை இடிக்காமல் வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை. நமக்கு வேண்டியது இரண்டாவதுதான். இவற்றை ஏற்றுவதற்கு முறையே எம்எம்கெட், எம்எம்கிராப் என்று தனித்தனிப் பெயர் கிடைத்ததே 2017-இல் வந்த 4.11 கெர்னலில்தான், அதற்கு முன் எல்லோரும் நேரடியாக எண்ணை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லினக்ஸின் விர்ச்சுவல் மெஷின் பகுதியான கேவிஎம் ஒரு மெஷினை உருவாக்கும்போது எம்எம்கிராப் மட்டும்தான் செய்கிறது. அதையே பின்பற்றினேன். வொர்க்கர் எழுதும் நேரத்தில் மட்டும் எம்எம்கெட்_நாட்_ஜீரோ. யூசர்ஸ் ஏற்கெனவே பூஜ்யம் என்றால் எழுதாமல் திரும்பிவிடும்.

முடிந்தது என்று நினைத்தபோது லாக்டெப் (கெர்னலின் பூட்டுச் சிக்கல்களைக் கண்டுபிடிக்கும் கருவி) எச்சரித்தது. வொர்க்கர் டிவைஸின் மியூட்டெக்ஸைப் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) பிடித்தபடி எம்எம்புட் செய்கிறது. நடுவில் ப்ராசஸ் செத்திருந்தால் அந்த எம்எம்புட்தான் கடைசி. மேப்பிங்கைக் கலைக்கும் வேலை வொர்க்கர் தலையில் விழும். கலைக்கும்போது எங்கள் க்ளோஸ் ஃபங்ஷன் அதே மியூட்டெக்ஸைக் கேட்கிறது. தன் காலைத் தானே கட்டிக்கொண்ட கதை. மியூட்டெக்ஸை விட்ட பிறகு எம்எம்புட் என்று வரிசையை மாற்றினேன்.

கூடவே கேவிஎம்மில் பார்த்த இன்னொன்றையும் சேர்த்தேன்: திறந்த ப்ராசஸின் எம்எம்மும் ஐயாக்டில் (டிவைஸுக்கான கட்டளை) கூப்பிடும் ப்ராசஸின் எம்எம்மும் வேறாக இருந்தால் ஈஐஓ (உள்ளீடு-வெளியீடு) பிழை. டெஸ்ட் மூன்று ராத்திரி சுத்தமாக ஓடியது. புது டிரைவர் போன மறுவாரம் வாடிக்கையாளரிடமிருந்து புகார்: உதவி ப்ராசஸுக்கு ஈஐஓ பிழை வருகிறதாம். டிவைஸைத் திறக்கும்போது, எக்ஸெக் செய்தால் (வேறு புரோகிராமாக மாறினால்) டிஸ்கிரிப்டரை மூடிவிடும் ஓ_க்ளோஎக்ஸெக் கொடியைப் போடுங்கள் என்று எழுதப் போனேன். அவர்கள் எக்ஸெக் செய்வதே இல்லை, வெறும் ஃபோர்க்தான் என்று ஞாபகம் வந்து அழித்துவிட்டு, குழந்தையில் டிஸ்கிரிப்டரை நீங்களே மூடிவிடுங்கள் என்று மாற்றி எழுதினேன்.