முயல் குட்டியின் நிறத்தைக் கண் திறக்கும் முன்பே கணிக்கலாம்

பிறந்த குட்டிக்கு முடி இல்லாவிட்டாலும் தோலே பாதி சொல்லிவிடும். மூடிய இமைக்குள் கருநிழல் தெரிந்தால் கண்ணில் நிறமி இருக்கிறது. இளஞ்சிவப்பாகவே இருந்தால் அது சிவப்புக்கண் வெள்ளை அல்லது ஹிமாலயன் (உடம்பு வெள்ளையாகவும் காது, மூக்கு, பாதம், வால் கருத்தும் இருக்கும் வகை). கண் திறக்க 10 முதல் 12 நாள் ஆகும், அதுவரை இமையைப் பிரித்துப் பார்க்கவே கூடாது.

ஒரு வார வயதில் காதின் உட்புறத்தையும் வயிற்றையும் பாருங்கள். இரண்டும் வெளிறியிருந்தால் பெரும்பாலும் அகூட்டி, அதாவது காட்டுமுயல் நிறம். உடம்போடு சேர்ந்து கருத்திருந்தால் ஒற்றை நிறம். பிறகு முடி வளர்ந்ததும் முதுகில் மெல்ல ஊதுங்கள், வளையங்கள் விரியும். நடுவளையம் ஆரஞ்சு என்றால் சாதாரண அகூட்டி, முத்துவெள்ளை என்றால் சின்சில்லா. நம்மூரில் வளர்க்கும் சோவியத் சின்சில்லாவில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

பலரும் ஏமாறுவது ஹிமாலயனில்தான். இதன் நிறமி நொதி குளிரில்தான் வேலை செய்யும். கூட்டுப்பெட்டியில் முடியும் வைக்கோலும் குறைந்து குட்டி குளிர்ந்தால் உடம்பெல்லாம் சாம்பல் படியும். வேறு நிறம் என்று கழித்துவிடாதீர்கள், முடி உதிர்ந்து மாறும்போது அது போய்விடும்.

நீலக்கண் வெள்ளை முற்றிலும் வேறு. அது வியன்னா ஜீன் இரண்டு பிரதி சேர்ந்தால் வருவது. ஒரே பிரதி உள்ள குட்டிக்கு மூக்கிலோ பாதத்திலோ வெள்ளைத் திட்டு இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம்.

கருப்பும் கருப்பும் சேர்ந்து சிவப்புக்கண் வெள்ளை பிறந்தால் ஆண்மீது சந்தேகப்பட அவசியமில்லை. இரண்டும் சிவப்புக்கண் வெள்ளைக்கான ஒடுங்கு ஜீனை (இரு பிரதி சேர்ந்தால் மட்டுமே வெளிப்படுவது) ஒவ்வொரு பிரதி சுமந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் வெள்ளையாக 25 சதவீத வாய்ப்பு உண்டு.