அகமதாபாத் குஜரி சந்தையும் பழந்துணி விற்கும் பெண்களும்

அகமதாபாத்துக்கு வார இறுதியில் போகிறவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமையே ஊரைச் சுற்றி முடித்துவிட்டு, ஞாயிறு காலை அடாலஜ் படிக்கிணறு, மொதேரா சூரியன் கோயில் என்று காரைப் பிடித்துக் கிளம்பிவிடுகிறார்கள். அவற்றை வேறொரு நாளில் பார்க்கலாம். ஞாயிறு காலையை மட்டும் ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். சபர்மதியின் கிழக்குக் கரையில், எல்லிஸ் பாலத்தை ஒட்டி, வாரத்தில் அன்றைக்குத்தான் பழைய பொருள்கள் விற்கும் குஜரி பஜார் கூடும். ஆட்டோக்காரரிடம் 'ரவிவாரி' (ஞாயிற்றுக்கிழமைச் சந்தை) என்றாலும் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

அக்காவும் நானும் போனது டிசம்பர் குளிரில். சனிக்கிழமை காலை காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கும் பாரம்பரிய நடையில் சேர்ந்துகொண்டோம். 'போள்' எனப்படும் சந்துக் குடியிருப்புகள், பறவைகளுக்குத் தானியம் வைக்கும் சபுத்ராக்கள், மர வேலைப்பாடுள்ள பழைய வீடுகள் என்று போய் ஜும்மா மசூதியில் அந்த நடை முடிகிறது. இரவில் சாப்பாட்டுக்கு மானெக் சவுக். இதைப் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

ஞாயிறு காலை அந்த ஊரே ஃபாஃப்டா கடைகளின் முன்னால்தான் நிற்கிறது. கடலை மாவைப் பலகையில் உள்ளங்கையால் இழுத்துத் தேய்த்து, கத்தியால் வழித்து எண்ணெயில் போடுகிறார்கள். சூடான ஜிலேபி, துருவிய பப்பாளிக்காய், பொரித்த பச்சை மிளகாய் எல்லாம் சேர்த்து ஒரு பொட்டலம். அதைச் சாப்பிட்டுவிட்டுப் பாலத்தை நோக்கி நடந்தோம்.

எல்லிஸ் பாலத்தின் இரும்பு வளைவுகள் 1892-ஆம் ஆண்டின் வேலை. அதற்கு முன்பு அங்கே இருந்த மரப்பாலத்தை 1875 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. புதிய பாலத்தைக் கட்டிய பொறியாளர் ஹிம்மத்லால் தீரஜ்ராம் பசேச், மதிப்பிட்டதைவிடக் குறைந்த செலவில் வேலையை முடித்தாராம். செலவு குறைந்ததே சந்தேகத்துக்குக் காரணமாகி, மட்டமான பொருளைப் போட்டுவிட்டாரோ என்று விசாரணை வைத்தார்கள். வேலை சுத்தமானது என்று தெரிந்த பிறகு 'ராவ் சாகிப்' பட்டம் கொடுத்தார்கள். இன்றைய போக்குவரத்து இரண்டு பக்கமும் உள்ள புதிய பாலங்களில் போகிறது. நடுவே பழைய பாலம் நிற்கிறது. அதன் கிழக்கு முனையில் இருக்கும் மானெக் புர்ஜ் கொத்தளத்தில்தான் 1411-இல் இந்த நகரத்தின் அஸ்திவாரம் என்கிறார்கள்.

சந்தையும் ஏறக்குறைய அந்த அளவுக்குப் பழையது. 1414-இல் சுல்தான் அகமது ஷா தொடங்கி வைத்த வெள்ளிக்கிழமைச் சந்தை இது என்பது வழிவழியாக வரும் செய்தி. பிறகு அது ஞாயிறுக்கு மாறி, 1954-இல் இந்த ஆற்றங்கரைக்கு வந்தது.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது இரும்பு. தார்ப்பாயை விரித்து உளி, இழைப்புளி, அரம், குறடு, ரம்பம், ஸ்பேனர் என்று குவித்து வைத்திருந்தார்கள். கைப்பிடி மட்டும், பிளேடு மட்டும், நட்டு மட்டும் என்று தனித்தனிக் குவியலும் உண்டு. ஒரு தச்சர் குந்தி உட்கார்ந்து, இழைப்புளியைத் தலைகீழாகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் அடிப்பலகையின் நேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தார், கீழே வைத்தார், அடுத்ததை எடுத்தார். கடைசியில் 180 ரூபாய்க்கு ஒன்றை வாங்கினார். புதிதாக வாங்கினால் ஆகிற செலவில் சிறு பங்குதான் அது. கூலிக்கு வேலை செய்கிறவர் சொந்தமாக ஒரு கருவி வாங்கித் தொழில் தொடங்க வேண்டுமென்றால் இப்படி ஓர் இடம் வேண்டும்.

அதைத் தாண்டினால் கயிற்றுக் கட்டில்கள், மர அலமாரிகள், போட்டித் தேர்வுப் புத்தகங்கள், மிக்ஸி ஜார்கள், சைக்கிள்கள். பழம்பொருள் சேர்ப்பவர்களுக்கும் பித்தளைச் சாமான் கொஞ்சம் கிடைக்கும். அந்த வரிசையில் விலை கொஞ்சம் ஏற்றித்தான் சொல்கிறார்கள்.

நாங்கள் அதிக நேரம் நின்றது பழந்துணிப் பகுதியில். வரிசையாகப் பெண்கள், பெரும்பாலும் தேவிபூஜக் சமூகத்தவர், மண்ணில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பேன்ட் ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம், புடவை ஒரு பக்கம். நம்மூரிலும் பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர்கள் தெருவில் வருவார்கள். அம்மா இரண்டு மூன்று புடவையும் அப்பாவின் பேன்ட்டும் போட்டு ஒரு எவர்சில்வர் டப்பா வாங்குவார். அந்தத் துணி அப்புறம் எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. அந்தப் பண்டமாற்றின் மறுபாதியைக் குஜரியில்தான் பார்த்தேன்.

ஒரு கட்டடத் தொழிலாளி பத்து வயதுப் பையனோடு வந்தார். கடைக்காரப் பெண்மணி ஒரு பேன்ட்டை எடுத்து, அதன் இடுப்புப் பட்டியைப் பையனின் கழுத்தைச் சுற்றிப் பிடித்தார். இரண்டு முனையும் பிடரியில் தொட்டன. "சரியா இருக்கும்" என்றார். போட்டுப் பார்க்க மறைவிடம் இல்லாத சந்தையில் இதுதான் அளவு பார்க்கும் வழி. அப்பா பேன்ட்டைத் திருப்பி உட்புறத் தையலைப் பார்த்தார், ஜிப்பை மூன்று முறை ஏற்றி இறக்கினார். 60 ரூபாய். பையன் அதை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டான்.

அக்காவுக்கு இந்தி நன்றாக வரும். குஜராத்தியில் சகோதரி என்று பொருள்படும் "பென்" என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண்மணியும் தயங்காமல் பேசினார். வாரநாளில் கூடை நிறையப் பாத்திரத்தோடு ஆற்றுக்கு மேற்கே உள்ள குடியிருப்புகளுக்குப் போகிறார். மாடி ஏறிக் கதவைத் தட்டி, வாசலில் உட்கார்ந்து பேரம் பேசித் துணி வாங்குகிறார். வீட்டுக்கு வந்து தரம் பிரிப்பது, துவைப்பது, கிழிசல் தைப்பது, விட்டுப்போன பொத்தானுக்கு அதே நிறத்தில் வேறு பொத்தான் வைப்பது, இஸ்திரி போடுவது எல்லாம் மகளும் அவரும். தேறாத துணி, மெக்கானிக் கடைகளில் கை துடைக்கப் போகிறது. "அங்கேயும் நான்தான் பேரம் பேசணும், இங்கேயும் நான்தான் பேரம் பேசணும்" என்றார். அதன் பிறகு அவரிடம் விலை குறைத்துக் கேட்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. அக்கா ஒரு பருத்திப் புடவையைச் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டாள். முந்தானையில் அவர் இழை ஓட்டியிருந்த இடத்தை விரலால் தடவினால்தான் தெரிகிறது.

சந்தைக்குப் பின்னால், விக்டோரியா கார்டனுக்கு எதிரே 'சேவா' அமைப்பின் அலுவலகம் இருக்கிறது. சுயதொழில் பெண்கள் சங்கம். அது உருவான கதையில் இந்தப் பழந்துணிப் பெண்களுக்கு இடம் உண்டு. 1971-இல் இளா பட், ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் பெண்கள் பிரிவில் இருந்தார். துணிச்சந்தையில் தலைச்சுமை தூக்கும் பெண்களுக்குக் கூலியில் நடந்த ஏமாற்று வேலையைப் பற்றி அவர் எழுதியது பத்திரிகையில் வந்தது. அதைக் கேள்விப்பட்டு, எங்கள் கஷ்டத்தையும் கேளுங்கள் என்று வந்தவர்கள் பழந்துணி விற்கும் பெண்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் கூடிய கூட்டத்தில், நமக்கென்று சொந்தமாக ஒரு சங்கம் வேண்டும் என்று சொன்னவரும் கூட்டத்தில் இருந்த ஒரு பெண்தான். பதிவு செய்யப் போனால், முதலாளியே இல்லாதவர்களுக்கு எப்படித் தொழிற்சங்கம் என்று தொழிலாளர் துறை மறுத்தது. சங்கம் என்பது எங்கள் ஒற்றுமைக்காக, யாரையும் எதிர்ப்பதற்கு மட்டும் இல்லை என்று வாதாடி 1972 ஏப்ரலில் பதிவு வாங்கினார்கள். இன்று நாட்டின் பல மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் அதில் உறுப்பினர்கள்.

வாசற்படியில் உட்கார்ந்து டப்பாவுக்குத் துணி பேசும் பெண்ணை நாம் தொழிலாளியாக நினைத்ததே இல்லை. வாங்குவது, தரம் பிரிப்பது, பழுது பார்ப்பது, விற்பது என்று நான்கு தொழிலை ஒரே ஆள் செய்கிறார். எங்கள் தெருவில் இனி ஒருவர் வந்தால் உள்ளே கூப்பிட்டு முதலில் தண்ணீர் கொடுப்பேன்.

இந்தச் சந்தை இன்னும் இங்கே இருப்பதும் சும்மா கிடைத்ததல்ல. சபர்மதி ஆற்றங்கரைத் திட்டம் வந்தபோது குஜரிக்கு இடம் போய்விடும் நிலை. வியாபாரிகளின் சங்கம் உயர்நீதிமன்றம் வரை போனது. கடைசியில் அதே கரையில் மேடைகளும் மரங்களும் நடைபாதையுமாகப் புதிய சந்தை 2014-இல் திறந்தது. மேடை கிடைக்காதவர்கள் இன்னும் நிறையப் பேர் சாலையோரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆற்றைப் பாருங்கள், கரையைத் தொட்டுத் தண்ணீர் நிற்கிறது. பெரும்பாலும் நர்மதைக் கால்வாயிலிருந்து வரும் தண்ணீர். அழகாகத்தான் இருக்கிறது. அந்த அழகில் பழைய இரும்புக்கும் பழைய பேன்ட்டுக்கும் இடம் ஒதுக்க வைத்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். மெட்ரோவில் வந்தால் காந்திகிராம் நிலையத்தில் இறங்கி, ஆற்றைக் கடந்து நடக்கலாம். காலை ஒன்பதுக்குள் போனால் வெயில் ஏறாமல் நிதானமாகப் பார்க்கலாம். மதியத்துக்கு மேல் தோளோடு தோள் உரசும் கூட்டம். பத்து, இருபது ரூபாய் நோட்டாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், துணிப்பை கொண்டுபோங்கள். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். துணிக்கடைப் பெண்களில் சிலருக்குப் பிடிக்காது. மே மாதம் வேண்டாம், 42 டிகிரி வெயில் சாதாரணம். மேலிருந்து மொத்தச் சந்தையையும் பார்க்க ஆசைப்பட்டால் பக்கத்திலேயே அடல் பாலம் இருக்கிறது, 2022-இல் திறந்தது, நடப்பவர்களுக்கு மட்டுமான பாலம். டிக்கெட் உண்டு.