வெல்ட் தையல்: பழைய ஓட்டை, புது நூல், உப்புக் காற்று

ராமநாதபுரம் கடற்கரையில் தோல் ஷூ தேய்ந்து கெடுவதைவிடத் தையல் இற்றுக் கெடுவதுதான் அதிகம். மேல்தோல் பளபளவென்று இருக்கும், அடிசோல் பாதிகூடத் தேய்ந்திருக்காது, முன்பக்கம் மட்டும் வாய் பிளந்து நிற்கும். கீழக்கரைக்கு விடுமுறையில் வருகிறவர் வளைகுடாவில் வாங்கிய ஷூவானாலும், மண்டபம், உச்சிப்புளி பக்கத்துச் சீருடைக்காரர் ஷூவானாலும் இதே கதைதான். தெருமுனையில் கொடுத்தால் சொல்யூஷன் (ஒட்டுப் பசை) தடவி, மேலிருந்து கீழாக நாலு தையல் ஊடுருவப் போட்டுக் கொடுப்பார்கள். வாங்குகிற கூலிக்கு அதற்குமேல் எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் அந்த ஊடுதையல் இன்சோலையே, அதாவது பாதம் படும் உள்சோலையே, துளைத்துக்கொண்டு போகிறது. அடியிலிருந்து ஈரம் ஏறிவர அதுவே வழியாகிவிடும். அடுத்த முறை சோல் மாற்றப் பிரிக்கும்போது இன்சோலில் பிடித்துத் தைக்க இடமிருக்காது. வெல்ட் என்பது மேல்தோலோடும் இன்சோலோடும் சேர்த்துத் தைத்து, ஷூ ஓரத்தைச் சுற்றிவரும் தோல் பட்டை; அடிசோல் அதில்தான் தைக்கப்படும். வெல்ட் ஷூவை வெல்ட் வழியாகத்தான் தைக்க வேண்டும்.

முதலில் அது வெல்ட் ஷூதானா என்று பாருங்கள். விளிம்பில் சுற்றிவரத் தையல் தெரிந்தால் மட்டும் போதாது. மலிவு ஷூக்களில் பி.வி.சி. பட்டையில் அழகுக்குத் தையல் போட்டு ஒட்டியிருப்பார்கள். உள்ளே ஒட்டியிருக்கும் லைனிங்கைத் தூக்கிப் பார்த்தால் இன்சோலில் தையல் தெரியக்கூடாது. தெரிந்தால் அது ஊடுதையல் ஷூ. தையல் தெரியாவிட்டாலும், அடிசோலைக் கழற்றி, இன்சோலுக்கு அடியில் நிரப்பியிருக்கும் கார்க்கைச் சுரண்டினால்தான் முழு விவரம் தெரியும். கையால் வெல்ட் வைத்த ஷூவில், 5 மில்லிமீட்டருக்குக் குறையாத இன்சோல் தோலையே செதுக்கி, ஓரம் சுற்றி ஒரு வரப்பு எழுப்பியிருப்பார்கள். மெஷின் ஷூவில் இன்சோல் மெல்லியது. அதன்மேல் கேன்வாஸ் துணிப் பட்டையை ஒட்டி வரப்பாக்கியிருப்பார்கள். சார்லஸ் குட்இயர் ஜூனியர் 1871-இல் காப்புரிமை பெற்ற தையல் மெஷினின் வழி வந்தது இந்த முறை. ஒட்டிய வரப்பு பசை விட்டால் கழன்றுவிடும், செதுக்கிய வரப்பு கழலாது. வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை இந்த ஒரு வித்தியாசமே தீர்மானிக்கிறது.

பிரிப்பதற்கு முன் உப்பை எடுக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பே தண்ணீர் விடத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே ஈரத்தை இழுக்கும். உப்பு ஏறிய ஷூ இரவில் காயவே காயாது. உள்ளே இருக்கும் லினன் நூல் எப்போதும் நமுத்தபடியே கிடந்து பூஞ்சை பிடித்து இற்றுப்போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் இப்படிப்பட்ட ஷூக்கள் வரிசையாக வருவதற்குக் காரணம் இதுதான். வெள்ளைப் பூப்பு தெரிகிற இடத்தை மட்டும் துடைத்தால் ஓரத்தில் கறைக்கோடு விழும். ஷூ முழுவதையும் ஒரே சீராக ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, மறுபடி பூத்தால் மறுபடி துடைக்க வேண்டும். வினிகர் கலக்கச் சொல்வார்கள். உப்பு கரைய நல்ல தண்ணீரே போதும். நல்ல தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீர். இந்தப் பக்கத்துப் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் துடைப்பது இருக்கிற உப்போடு இன்னும் கொஞ்சம் சேர்ப்பதுதான்.

ஹீலைக் குறடால் நெம்பி எடுத்த பிறகு, வெல்ட்டுக்கும் அடிசோலுக்கும் நடுவே கத்தியை விட்டு நூலை அறுத்துக்கொண்டே வாருங்கள். சோலைப் பிடித்து இழுத்தால் வெல்ட்டும் சேர்ந்து கிழியும். கார்க்கைச் சுரண்டியதும், வெல்ட்டை இன்சோல் வரப்போடு பிடித்திருக்கும் உள்தையல் கண்ணுக்குப் படும். குத்தூசி முனையால் ஒவ்வொரு தையலையும் லேசாகத் தூக்கிப் பாருங்கள். நல்ல தையல் அசையாது. கெட்டது தொட்டதும் கறுப்புத் தூளாக உதிரும். பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது மூக்குப் பகுதியும், கால் மடங்குகிற இடத்தின் வெளிப்பக்கமும்தான். வெல்ட்டின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் கெட்டிருந்தால் துண்டு வைக்கலாம். அதற்கு மேல் போனால் முழுப் பட்டையையும் மாற்றுவதுதான் நல்லது. முன்பு சோல் மாற்றியவர்கள் ஓரத்தைச் சீவிச் சீவி, மேல்தோலுக்கு வெளியே 5 மில்லிமீட்டர்கூட வெல்ட் மிச்சமில்லை என்றால் துண்டு வைத்துப் பயனில்லை.

பொருத்தமான அச்சுக்கட்டை (பாத வடிவக் கட்டை) இருந்தால் உள்ளே போட்டுவிட்டு வெல்ட் முழுவதையும் ஒரே மூச்சில் கழற்றலாம். ரிப்பேருக்கு வரும் ஷூவுக்கு அச்சுக்கட்டை அமைவது அபூர்வம். கட்டை இல்லாமல் எல்லாத் தையலையும் அறுத்தால் மேல்தோல் சுருங்கி, திரும்ப இழுத்துப் பொருத்தவே முடியாது. அதனால் 8 சென்டிமீட்டர் பிரித்து, அதைத் தைத்து முடித்துவிட்டு, அடுத்த 8 சென்டிமீட்டருக்குப் போக வேண்டும். பிடிக்கச் சின்ன ஆணி அடிப்பதானால் பித்தளை ஆணி மட்டும். இரும்பு ஆணி உப்பில் துருப்பிடித்து ஓட்டையை அரிக்கும் என்பது ஒருபக்கம். பட்டைச் சாயத் தோலில் இருக்கும் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் கறுப்புக் கறை விழும், அது போகவே போகாது.

புது வெல்ட்டுக்கு ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதமிட்ட தோல் வேண்டும். குரோமிய உப்பில் பதமிட்ட குரோம் தோல் இழுபடும், அடித்த வடிவில் நிற்காது. 3 மில்லிமீட்டர் கனம், 18 முதல் 20 மில்லிமீட்டர் அகலம், 8-ஆம் நம்பர் ஷூ ஒன்றுக்கு ஹீல் முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 60 சென்டிமீட்டர். பட்டையைப் பத்து நிமிடம் நனைத்து, ஈரத்துணியில் சுற்றி அரைமணி நேரம் வைத்தால் பதமாகிவிடும். நனைக்கவும் குடிதண்ணீரே, இரும்புச்சத்துள்ள போர்த் தண்ணீர் இங்கேயும் கறுப்படிக்கும். துண்டு வைப்பதானால் பழையதும் புதியதும் சேரும் முனைகளை 12 முதல் 15 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியச் செய்ய வேண்டும். இணைப்பு மூக்கு வளைவிலோ மடிகிற இடத்திலோ வரவே கூடாது. ஹீலுக்கு முன்னே கொஞ்சம் நேராகப் போகும் பகுதிதான் அதற்கு இடம்.

நூல் விஷயத்தில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. பழைய புத்தகங்கள் லினன் என்கும். அது நனைந்தால் உப்பி ஓட்டையை அடைக்கும், அருமையான நூல்தான். ஆனால் காயவே காயாத இந்தக் கரைக்கு ஒரு மில்லிமீட்டர் கனத்தில் மூன்று புரி பாலியெஸ்டர் முறுக்கு நூல்தான் சரி. அது பூஞ்சைக்கு அசையாது. பாம்பன் வலைக்கடைகளில் கிடைக்கும் நைலான் வலை நூலை எடுத்துவிடாதீர்கள். வலைக்கு அது நல்லது. ஷூவில் நனைந்தால் நீளும், நடக்க நடக்கத் தளர்ந்து வெல்ட்டுக்கும் மேல்தோலுக்கும் நடுவே இடைவெளி காட்டும்.

அதே வலைக்கடையில் வேறொரு சாமான் கட்டாயம் வாங்க வேண்டும்: 0.8 மில்லிமீட்டர் தங்கூசி (ஒற்றை இழைத் தூண்டில் நரம்பு). அந்தக் காலத்தில் பன்றி முடியை நூல் முனையில் கட்டித் தைத்தார்கள். வளைந்த ஓட்டைக்குள் இரும்பு ஊசி நுழையாது, வளைந்து கொடுக்கிற முனைதான் நுழையும். தங்கூசி அந்த வேலையை அச்சாகச் செய்கிறது. 15 சென்டிமீட்டர் வெட்டி, ஒரு பாதியைப் பிளேடால் நடுவே இரண்டாகப் பிளந்து, பிளந்த கால்களை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். நூல் முனையில் புரிகளைப் பிரித்து, ஒன்றைவிட ஒன்று 3 சென்டிமீட்டர் குட்டையாக வெட்டி, மெழுகு தடவித் திரும்ப முறுக்கினால் முனை கூராகும். அந்தக் கூர்முனையைப் பிளவில் வைத்து, நூலும் இரண்டு கால்களுமாகச் சடை பின்னி, கடைசியில் நூலின் நடுவே குத்தூசியால் துளைத்து அதற்குள் தங்கூசியை நுழைத்து இழுத்தால் பூட்டு விழும். இரண்டு முனைக்கும் இப்படியே. ஒரு ஷூவுக்கு இரண்டரை முதல் மூன்று மீட்டர் நூல் வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் தீர்ந்தால் முடிச்சுப் போட நல்ல இடம் கிடைக்காது.

மெழுகில்லாத நூல் திரிபோலத் தண்ணீரை உறிஞ்சி உள்ளே கொண்டுபோகும். தையல் மெழுகு செய்ய எடைக்கு மூன்று பங்கு ரோசின் (பைன் மரப்பிசின்), ஒரு பங்கு தேன்மெழுகு, சில சொட்டு ஆமணக்கெண்ணெய். ரோசின் சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் மணல் பரப்பிய தட்டின்மேல் டப்பாவை வைத்துச் சிறுதீயில் உருக்கி, குளிர்ந்த தண்ணீரில் ஊற்றி, கையால் இழுத்து இழுத்து மடித்தால் நிறம் வெளுத்து இறுகும். உருட்டிய கட்டி ஒடிந்தால் தேன்மெழுகு போதவில்லை. விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் ரோசின் போதவில்லை. கத்திரி வெயில் நாளில் ரோசினைக் கொஞ்சம் கூட்ட வேண்டிவரும். நூலில் வேகமாகத் தேய்த்தால் சூட்டில் மெழுகு உருகி உள்ளே இறங்கும்.

இனி தையல். இன்சோல் வரப்பின் உள்பக்கத்திலிருந்து வளைந்த குத்தூசியைப் பழைய ஓட்டையிலேயே விட வேண்டும். அது வரப்பைக் கடந்து, லைனிங், மேல்தோல் வழியே வந்து வெல்ட்டின் பள்ளத்தில் வெளிவரும். புது ஓட்டை போடுவது வெல்ட்டில் மட்டும்தான். பழைய ஓட்டைகளுக்கு நடுவே இன்சோலில் இன்னொரு வரிசை குத்தினால் அது கிழிகோடாகிவிடும். இரண்டாவது மாதம் வரப்பு மொத்தமாகப் பெயர்ந்து கையில் வரும். உலர்ந்த இன்சோல் என்றால் ஓட்டை வரிசையை மட்டும் ஈரத்துணியால் ஒற்றினால் போதும். குத்தூசியை வெளியே எடுக்க எடுக்க, அது விட்ட வழியிலேயே வெளிப்பக்கத்துத் தங்கூசியை உள்ளே விட்டு, பிறகு உள்பக்கத்துத் தங்கூசியை எதிர்த்திசையில் வெளியே கொண்டுவர வேண்டும். இரண்டு நூலும் ஒரே ஓட்டையில் குறுக்கே கடக்கும். உள்ளே ஒரு சுற்று சுற்றி அரைமுடிச்சாக விடுங்கள். பாலியெஸ்டர் வழுக்கும், அரைமுடிச்சு இருந்தால் ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது தளராது. பிறகு இரு கைகளிலும் நூலைச் சுற்றி, கைக்குத் தோல் பட்டை போட்டுக்கொண்டு, வெல்ட்டுக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் நூல் ஓட்டையின் ஓரத்தை அறுக்கும்.

நேர்ப்பகுதியில் தையலுக்குத் தையல் 7 முதல் 8 மில்லிமீட்டர். மூக்கு வளைவில் வெல்ட்டின் வெளிச்சுற்று வரப்பைவிட நீளம். உள்ளே 6, வெளியே 8 அல்லது 9 என்று விசிறியாகப் போகும். பட்டையை ஈரமாக வைத்தது இந்த இடத்துக்காகத்தான். காய்ந்த பட்டை வளைவில் நெளிந்து மடிப்பு விழும், அந்த மடிப்பின் கீழே மணல் புகுந்துகொள்ளும்.

ஓட்டை கிழிந்திருந்தால்? செதுக்கிய வரப்பில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிக் குத்தலாம். அதற்கு முன் வரப்பின் உள்பக்கத்தில் மெல்லிய தோல் பட்டையொன்றைச் சொல்யூஷனால் ஒட்டித் தாங்கல் கொடுக்க வேண்டும். கேன்வாஸ் வரப்பு கழன்றிருந்தால் பழைய பசையை முழுக்கச் சுரண்டி, திரும்ப ஒட்டி, மேலே துணிப்பட்டை ஒன்றையும் போர்த்தி ஒருநாள் விட்டுத்தான் தைக்க வேண்டும். இன்சோலே அட்டையாக இருந்து ஊறிப் பிரிந்திருந்தால் வெல்ட்டில் உழைப்பைக் கொட்டாதீர்கள். வந்தவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது.

தைத்து முடித்ததும் உபரித் தோலை வரப்பு மட்டத்துக்குச் சீவி, வெல்ட்டை ஈரம் இருக்கும்போதே சுத்தியால் தட்டிப் படியவையுங்கள். நடுவில் பாத வளைவைத் தாங்கும் ஷாங்க் தகடு துருப்பிடித்திருந்தால் அதே நீளத்தில் நன்கு காய்ந்த மூங்கில் பத்தை வைக்கலாம். குழியில் கார்க் தூளைப் பசையில் பிசைந்து நிரப்பி, காய்ந்தபின் மட்டமாகத் தேய்க்க வேண்டும். ஈரம் போகாமல் சோலை மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

அடிசோல் வேலை எளிது. இந்த மணலுக்குத் தோல் சோல் வீண். 5 மில்லிமீட்டர் ரப்பர் சோல் போதும். சொல்யூஷன் இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை விட வேண்டும். ஈரக்காற்று நாளில் பசைமேல் வெள்ளைப் படலம் கட்டும். லேசாகச் சூடு காட்டிவிட்டு ஒட்டுங்கள். தடவிய சோலைக் கடற்காற்றுக்கு நேரே வைத்தால் பொடிமணல் ஒட்டிக்கொள்ளும். வெளித்தையல் அங்குலத்துக்கு 6 முதல் 8. அடியில் 1.5 மில்லிமீட்டர் பள்ளம் கீறி நூலை அதற்குள் அமுக்காவிட்டால் மணல் உரசியே அறுத்துவிடும்.

திருப்பிக் கொடுக்கும் முன் ஷூவை முன்பக்கம் மடக்கிப் பாருங்கள். வெல்ட்டுக்கும் மேல்தோலுக்கும் நடுவே நூல் பல்லைக் காட்டினால் இழுவை போதவில்லை, அந்த இடத்தைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். மேலே மெழுகு பூசி மறைத்தால் பத்து நாளில் திரும்பி வரும். ஒரே ஒரு தையலுக்கு அருகே மட்டும் தோல் சுருக்கம் விழுந்தால் அங்கே அளவுக்கு மீறி இழுத்திருக்கிறது. ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம்.