திருப்பிக் கொடுக்கக்கூடிய காசை மட்டும் வாங்கினோம்: 2022இல் ஒரு இணையவழி மாநாடு

இலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தமிழில் உளவளத்துணை (கவுன்சலிங்) செய்கிறவர்களின் சிறிய சங்கம் எங்களுடையது. பிரதேச செயலகங்களில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பாடசாலை ஆசிரியர்கள் இருக்கிறார்கள், சம்பளமே இல்லாமல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வழமையாக ஆண்டு மாநாடு மட்டக்களப்பு நகரில் ஒரு மண்டபத்தில் நடக்கும். 2022 ஜூலையில் அதைப் பற்றிப் பேசக் கூடியபோது, மண்டபம் என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை. நாட்டில் பொருளாதார நெருக்கடி. எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் அட்டை வந்த பிறகும் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். பொத்துவிலில் இருந்து மட்டக்களப்புக்கு வந்து திரும்ப 200 கிலோமீற்றருக்கு மேல். ஒரு கிழமைப் பெற்றோல் முழுவதையும் எங்கள் மாநாட்டுக்கு ஊற்றுங்கள் என்று யாரிடம் கேட்பது?

ஆகவே இணையவழி என்பது பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. சண்டை முழுவதும் கட்டணத்தில்தான்.

முந்தைய வருடமும் இணையவழிதான், இலவசமாக வைத்தோம். பதிவு செய்தவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை; வந்தவர்களில் பலர் கமராவை நிறுத்திவிட்டு எங்கே போனார்களோ தெரியாது. இருந்தும் இந்த முறையும் இலவசம்தான் என்று ஒரு பக்கம் பிடிவாதமாக நின்றது. "சனம் சோத்துக்கே அல்லாடுது, இந்த நேரத்தில ஆரிட்டக் காசு கேக்கிற?" என்றார் மூத்த அங்கத்தவர் ஒருவர். எங்கள் பொருளாளர் அக்கா உடனே, "சரி அண்ணன், சூம்காரன் சும்மா தருவானா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். அப்போதைய விலைக்கு மாதம் 14.99 டொலர் கட்டினால் அந்த 40 நிமிடத் தடை இல்லை, ஆனால் 100 பேர்தான் நுழையலாம். 500 பேர் வரை போக வேண்டுமானால் மேலும் 50 டொலர். இரண்டும் சேர்ந்து 65 டொலர். மார்ச் தொடக்கத்தில், ரூபாவை மிதக்க விடுவதற்கு முன், இது 13,000 ரூபா சொச்சம். ஆகஸ்டில் அதே 65 டொலருக்கு 23,500 ரூபாவுக்கு மேல் வேண்டும். நவம்பரில் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் மத்திய வங்கி ஆளுநராலும் அன்றைக்குச் சொல்லியிருக்க முடியாது.

பொருளாளர் அக்கா கொப்பியின் நடுவில் ஒரு கோடு கீறினார். மாநாடு நடக்காவிட்டாலும் போய்விடுகிற செலவெல்லாம் இடது பக்கம். நிறுத்தினால் நின்றுவிடுகிற செலவெல்லாம் வலது பக்கம். உரைகளை முன்கூட்டியே பதிவு செய்து வெட்டி ஒட்டுகிற தம்பிக்கான கூலி, ரவுட்டர்களுக்கு வைக்கிற 12 வோல்ட் மினி யுபிஎஸ், பேச்சாளர்களுக்கான சிறிய அன்பளிப்பு எல்லாம் இடது பக்கம் போயின. எல்லாம் சேர்த்து 45,000 ரூபா வந்தது. சான்றிதழ் அச்சு, தபால், மாணவர்களுக்கான டேட்டா ரீலோட் வலது பக்கம். அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் முழுக் கணக்கையும் தீர்மானித்தது: "என்ன நடந்தாலும் வாற ஆக்கள் எத்தனை பேர்?"

200 பேர் வந்தால் தலைக்கு 225 ரூபா போதும் என்று ஒருவர் கைபேசியிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்குச் சரி. ஆனால் 200 பேர் வருவார்கள் என்பது எங்கள் ஆசை. பெயர் சொல்லிச் சொல்லி எண்ணியபோது, கட்டாயம் வருகிறவர்கள் என்று 60 பேரைத்தான் எழுத முடிந்தது. 45,000ஐ 60ஆல் பிரித்தால் 750. அதுதான் கட்டணம். அறுபதுக்கு மேல் வருகிற ஒவ்வொருவரின் காசும் மாணவர்களுக்கும் சம்பளமில்லாத தொண்டர்களுக்கும் கட்டணக் கழிவாகப் போகும், அவர்களுக்குக் கட்டணம் 200 ரூபா. இதை நான் இன்றும் சரியென்றே நினைக்கிறேன். நிச்சயமில்லாத காலத்தில் நம்பிக்கையை வைத்து விலை போடக்கூடாது, வருகை இடாப்பை வைத்துத்தான் போட வேண்டும்.

அனுசரணையை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. தனியார் நிறுவனம் ஒன்று தங்கள் இலச்சினையைப் பெரிதாகப் போட வேண்டும் என்று முதலில் ஆர்வமாகக் கேட்டது, பிறகு தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டது. அவர்களுக்கும் அது கெட்ட காலம்தான்.

அடுத்த சிக்கல், 65 டொலரை எப்படிக் கட்டுவது. ரூபா இருந்தாலும், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு எங்கள் வங்கி அட்டை வேலை செய்யவில்லை. வெளிநாட்டில் இருந்து பங்குபற்றுகிறவர்களிடம் பேபால் வழியாக வாங்கலாம் என்றால், அப்போது இலங்கையில் இருந்துகொண்டு பேபாலில் காசு பெற முடியவில்லை. உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள்வழி மாற்றுவது) அனுப்புகிறோம், விலையும் நல்லாக் கிடைக்கும் என்று ஒரு புலம்பெயர் நண்பர் சொன்னார். பொருளாளர் அக்கா அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. கடைசியில் வழி கிடைத்தது லண்டனில் இருக்கிற எங்கள் பழைய அங்கத்தவரிடம். வெளிநாட்டுக் கட்டணம் 10 பவுண். அது அவருடைய கணக்கில் விழும், அங்கிருந்தே அவர் சூமுக்குக் கட்டுவார், ரசீதும் வங்கிக் கூற்றும் எங்களுக்கு வரும். ஒரு டொலர்கூட இலங்கையை விட்டு வெளியே போகத் தேவையில்லை. ஒரு சிலர் கட்டியதுமே சூம் செலவு தீர்ந்துவிட்டது.

10 பவுண் அப்போது 4,000 ரூபாவுக்கு மேல். "நானும் மட்டக்களப்புக் கல்லடிப் பிள்ளைதானே, எனக்கு ஏன் 750 இல்ல?" என்று கேட்டு ரொறன்ரோவில் இருந்து குரல்பதிவு அனுப்பினார் ஒருவர். பகிடி பாதி, உண்மை பாதி. எங்கே பிறந்தார் என்று பார்த்து விலை போடவில்லை, எந்த நாணயத்தில் சம்பளம் எடுக்கிறார் என்று பார்த்துத்தான் போட்டோம் என்று பதில் போட்டோம். கட்டினார்.

உள்ளூர்க் காசு வருவது எளிது, அது யாருடைய காசு என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். வட்ஸ்அப்பில் வைப்புச் சீட்டின் படம் வரும், பெயர் இருக்காது. பிறகு, கட்டும்போது குறிப்பில் தொலைபேசி இலக்கத்தை எழுதுங்கள், ஈசி கேஷ் (கைபேசிவழிப் பணம்) என்றால் உங்கள் சொந்த இலக்கத்தில் இருந்தே அனுப்புங்கள் என்று எழுதிப் போட்டோம். தொல்லை பெரும்பாலும் ஓய்ந்தது. இதற்கிடையில் செப்டெம்பர் பிறந்ததும் வற் வரி 15 வீதமானது, சில நாட்களில் தொலைபேசிக் கட்டணமும் 20 வீதம் ஏறியது. பங்குபற்றுகிறவருக்கு விலை 750 மட்டும் இல்லை, டேட்டாவும் சேர்ந்ததுதான் விலை என்பது அப்போதுதான் குழுவில் எல்லோருக்கும் உறைத்தது. கமரா போடச் சொல்லி யாரையும் வற்புறுத்துவதில்லை என்று அன்றே முடிவெடுத்தோம். முந்தைய வருடம் அதே கமராவுக்காகக் குறைப்பட்டவர்களும் நாங்கள்தான்! தபாலிலும் அதே கதை. ஆகஸ்டில் சாதாரணக் கடிதத்துக்கான முத்திரை 15 ரூபாவில் இருந்து 50 ஆகிவிட்டது. அதனால் சான்றிதழ் மின்னஞ்சலில் இலவசம், அச்சில் வேண்டுமென்றால் தனிக் கட்டணம். அரச உத்தியோகத்தர்கள் பலர் தனிப்பட்ட கோவையில் (பைலில்) போட வேண்டுமென்று அச்சுப் பிரதியைத்தான் கேட்டார்கள்.

திகதிக்கு வருகிறேன். ஒக்டோபர் 10 உலக உளநல தினம், அந்த வாரத்தில் எல்லோருக்கும் சொந்த நிகழ்ச்சிகள் இருக்கும். தீபாவளி 24ஆம் திகதி. நவம்பர் 5, 6, சனியும் ஞாயிறும் என்று முடிவானது. கல்முனை, அக்கரைப்பற்று அங்கத்தவர்கள் மஃரிப் தொழுகை முடித்து வர வசதியாக மாலை 6.30க்குத் தொடக்கம். அப்போது லண்டனில் பகல் 1 மணி, ரொறன்ரோவில் காலை 9. அழைப்பிதழ் போகும் நேரத்தில் ரொறன்ரோப் பேச்சாளர் ஒரு விடயத்தைச் சுட்டிக்காட்டினார். லண்டனில் ஒக்டோபர் 30இலேயே மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்துவிடுவார்கள், கனடாவில் நவம்பர் 6 அதிகாலையில்தான். ஆகவே அவருக்குச் சனிக்கிழமை 9 மணி, ஞாயிற்றுக்கிழமை 8 மணி. நாடுவாரியாக, நாள்வாரியாக நேரத்தை எழுதி அழைப்பிதழை மாற்றி அனுப்பினோம்.

மின்வெட்டைப் பற்றித்தான் அதிகம் பயந்தோம். மார்ச் கடைசியில் இருந்த 13 மணிநேரம் போய், ஒரு நாளைக்கு இரண்டு மணிநேரத்துக்குக் கிட்ட வந்திருந்தது. ஆனால் அட்டவணை சில நாட்களுக்கு முன்புதான் வரும். அங்கத்தவர்கள் ஆளுக்கொரு மின்வெட்டுக் குழுவில் (ஏ, பி என்று ஆங்கில எழுத்தில் பெயர்) கிடந்தார்கள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கரண்ட் இருக்கிற மாலை என்று ஒன்று கிடையாது. அதனால் எல்லா உரைகளையும் முன்கூட்டியே பதிவு செய்து லண்டன் கணினியில் இருந்து ஓடவிட்டோம். கேள்வி பதில் மட்டும் நேரடி. நடத்துகிற பொறுப்பு மட்டக்களப்பில் எனக்கு, வேறு மின்வெட்டுக் குழுவில் இருந்த கல்முனையில் இன்னொருவருக்கு.

இங்கேதான் எங்கள் தொழிலுக்கே உரிய சிக்கல் ஒன்று வந்தது. மாநாட்டில் எல்லோரும் ஆவலாகக் காத்திருப்பது அனுபவக் கலந்துரையாடலுக்கு. ஒருவர் தான் கையாண்ட ஒரு பிரச்சினையைச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். பெயரை மறைத்தாலும் அதைப் பதிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. உரைகள் தவறினால் ஒரு மாதத்துக்குப் பதிவைப் பார்க்கலாம், கலந்துரையாடல் தவறினால் தவறியதுதான். கரண்ட் போய் அதைத் தவறவிட்ட ஒருவருக்கு நாம் எதை விற்றோம் என்று சொல்வது? நீண்ட பேச்சுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கலந்துரையாடலைக் கட்டணத்தில் இருந்தே பிரித்து, அங்கத்தவர்களுக்கு மட்டும், சிறு குழுக்களாக, இலவசமாக வைத்தோம். 750 ரூபா உரைகளுக்கும் பதிவுகளுக்கும் மட்டும். மாநாட்டின் முதல் நாள் நண்பகல் வரை காரணம் சொல்லாமல் முழுக் காசையும் திருப்பி எடுக்கலாம். மாநாடு முடியும் வரை இடது பக்கச் செலவைத் தவிர வேறு எதற்கும் அந்தக் காசைத் தொடுவதில்லை என்று பொருளாளர் அக்கா கூட்டக் குறிப்பிலேயே எழுத வைத்தார்.

சனிக்கிழமை மாலை மாரி மழை. அட்டவணையில் இல்லாத நேரத்தில் மட்டக்களப்பில் கரண்ட் போனது. ரவுட்டர் யுபிஎஸ்ஸில் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு கோபுரச் சிக்னலும் படுத்துவிட்டது. கல்முனைக்காரர் எடுத்து நடத்தினார், லண்டனில் உரை ஓடிக்கொண்டே இருந்தது. நான் திரும்ப உள்ளே வந்தபோது கேள்வி பதிலே தொடங்கியிருந்தது. அரட்டைப் பெட்டியில் யாரோ, "மட்டக்களப்பு மிஸ் எங்க?" என்று கேட்டிருந்தார், அவ்வளவுதான்.

அறுபது பேரைத் தாண்டிப் பதிவு வந்தது, இருநூறைத் தொடவில்லை. காசைத் திருப்பிக் கேட்டவர்கள் மிகக் கொஞ்சம், கேட்ட எல்லோருக்கும் அந்தக் கிழமையே போனது. அவர்களில் ஒருவர் பதிவுகளைப் பார்த்துவிட்டு மறுபடியும் 750ஐ அனுப்பி, எங்கள் கணக்கைக் குழப்பிவிட்டார். மாணவர் கழிவுக்குப் போக உள்ளூர்க் கணக்கில் மிஞ்சியது சொற்பம். லண்டனில் மிஞ்சிய பவுண்களை இங்கே மாற்றி எடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், அடுத்த முறை சூமுக்குக் கட்ட அங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டார் பொருளாளர் அக்கா.