24 மீட்டர் தெருவை நால்வருக்குப் பங்கிடுதல்

நகரச் சாலைகளைத் திருத்தி அமைக்கும் பணியில் இருப்பவர்களின் மேசைக்கு முதலில் வருவது குறுக்குவெட்டு வரைபடம். ஒரு பக்கச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கச் சுவர் வரை உள்ள அகலத்தில் நடப்பவருக்கு இவ்வளவு, மிதிவண்டிக்கு இவ்வளவு, பேருந்துக்கும் காருக்கும் இவ்வளவு என்று பிரித்துக் காட்டும் படம் அது. கூட்டங்களில் எழும் வாதங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்தப் படத்தைச் சுற்றியே நடக்கின்றன. பல ஆண்டுகள் இந்த வேலையில் இருந்த பிறகு என் மனத்தில் உறுதிப்பட்டிருப்பது வேறு: தெரு நன்றாக அமைந்ததா என்பது அந்தப் படத்துக்குள் வராத இடங்களில்தான் முடிவாகிறது. பேருந்து நிற்கும் இடம், தெரு திரும்பும் முனை, கிளைத்தெரு வந்து சேரும் வாய் ஆகியவையே அந்த இடங்கள்.

24 மீட்டர் அகலமுள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். இரு பக்கமும் 3 மீட்டர் நடைபாதை, 2 மீட்டர் மிதிவண்டித் தடம், தடத்தை வண்டிகளிலிருந்து பிரிக்க 0.75 மீட்டர் இடைவெளி என ஒதுக்கினால் 11.5 மீட்டர் போய்விடும். மிஞ்சும் 12.5 மீட்டரில் திசைக்கு ஒன்றாக 3.25 மீட்டர் பேருந்துத் தடமும் 3 மீட்டர் கார் தடமும் சரியாக அடங்கும். காகிதத்தில் எல்லோருக்கும் பங்கு கிடைத்துவிட்டது. ஆனால் மரத்துக்கு இடம் இல்லை, சரக்கு இறக்கும் வண்டிக்கு இடம் இல்லை, பேருந்துக்காகக் காத்திருப்பவர் நிற்கவும் இடம் இல்லை.

இந்தப் பங்கீடே காருக்கு அநியாயம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களிடம் நான் அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் அமைப்பான நாக்டோ வெளியிட்ட ஒப்பீட்டை எடுத்துக் காட்டுவது வழக்கம். ஏறக்குறைய 3 மீட்டர் அகலமுள்ள ஒரு தடம், கார்கள் மட்டும் ஓடினால் மணிக்கு 600 முதல் 1,600 பேரைக் கடத்தும். பேருந்துக்கென்று ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேரைக் கடத்தும். நடைபாதையாக விட்டால் 9,000 பேர் வரை செல்லலாம். இந்த எண்களைப் பார்த்தவுடன் எல்லோரும் சமாதானமாகிவிடுவதில்லை என்றாலும், பேச்சு வண்டிகளை எண்ணுவதிலிருந்து மனிதர்களை எண்ணுவதற்கு நகர்கிறது. அதன் பிறகு நிறுத்தத்தைப் பற்றிப் பேச முடிகிறது.

பேருந்தை வேகப்படுத்துவது தனித்தடம்தான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பிரேசிலின் குரிட்டிபா நகரம் 1974இல் பேருந்துகளுக்குத் தனிப்பாதை அமைத்ததற்காகப் புகழ்பெற்றது. அதே நகரம் 1991இல் கொண்டுவந்த குழாய் வடிவ நிறுத்தங்களை நான் அதற்கு இணையான சாதனையாகக் கருதுகிறேன். பயணி முன்கூட்டியே கட்டணம் செலுத்தி, பேருந்தின் தரைமட்டத்துக்கே உயர்த்தப்பட்ட மேடையில் காத்திருந்து, படி ஏறாமல் நேராக உள்ளே செல்லலாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மிச்சமாகும் நொடிகள் வழித்தடம் முழுவதும் சேர்ந்து நிமிடங்களாகின்றன. தனித்தடம் போட்டுவிட்டு, நிறுத்தத்தில் பேருந்தை ஓரமாக ஒதுங்கச் செய்து, மீண்டும் உள்ளே நுழைய வழிதேட வைக்கும் வடிவமைப்புகளைப் பார்க்கும்போது, செலவழித்த பணத்தின் பாதிப் பயன் அங்கேயே சிந்திப் போவதாக எனக்குத் தோன்றும்.

நம் 24 மீட்டர் தெருவில் பேருந்து தன் தடத்திலேயே நிற்க வேண்டுமானால், மிதிவண்டித் தடம் நிழற்குடைக்குப் பின்னால் வளைந்து செல்ல வேண்டும். காத்திருப்பவர்களுக்கு 2.5 மீட்டர் அகலத்தில் ஒரு தீவு மேடை தேவை. இடைவெளியாக விட்ட 0.75 மீட்டர் ஏற்கெனவே இருக்கிறது. நடைபாதை ஒரு மீட்டரும் மிதிவண்டித் தடம் அரை மீட்டரும் பேருந்துத் தடம் கால் மீட்டரும் விட்டுக்கொடுத்தால் மேடை அமைந்துவிடும். எதிரெதிர் நிறுத்தங்களை நேருக்கு நேர் வைக்காமல் தள்ளி வைத்தால், இந்த மூன்று பங்குகளும் இரு பக்கமும் ஒரே இடத்தில் குறுகுவதைத் தவிர்க்கலாம்.

அப்படி அமைந்த ஒரு நிறுத்தத்துக்குப் பார்வையற்ற பயணி ஒருவருடன் நான் நடந்து சென்றிருக்கிறேன். பேருந்தின் ஓசையை வைத்து அவர் தூரத்தைக் கணித்துவிடுவார். மிதிவண்டியோ ஓசையின்றி வருகிறது. நடைபாதையிலிருந்து மேடைக்குப் போகும் அந்த ஒன்றரை மீட்டர்தான் அவருக்கு முழுப் பயணத்திலும் மிகவும் அச்சம் தருவது என்று அவர் சொன்னார். நடைபாதைக்கும் மிதிவண்டித் தடத்துக்கும் இடையே கைத்தடி உணரக்கூடிய அளவு உயர வேறுபாடு வேண்டும், கடக்கும் இடம் எல்லா நிறுத்தங்களிலும் பேருந்தின் முன்கதவுக்கு நேராக ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும், அங்கு மட்டும் தடம் நடைபாதையின் மட்டத்துக்கு ஏறி மிதிவண்டியின் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற மூன்று கோரிக்கைகளும் அவருடையவை. ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே 1965இல் உருவாக்கி, 1967இல் ஒகாயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்ட, பார்வையற்றோர் காலாலும் கைத்தடியாலும் உணர்ந்து வழியறியும் புடைப்பு ஓடுகள் இன்று உலகெங்கும் பயன்படுகின்றன. அவற்றை ஒழுங்கின்றிப் பதித்தால் பாதையே பொய் சொல்வதாகிவிடும் என்பதால், ஓடு பதிக்கும் நாளில் நேரில் நிற்பதை நான் கடமையாகக் கொண்டிருக்கிறேன்.

அடுத்தது தெருமுனை. நீளமான வண்டி சிரமமின்றித் திரும்ப வேண்டும் என்பதற்காக ஓரக்கல்லின் வளைவை அகலமாக்குவது பழைய வழக்கம். அந்த வசதியைப் பயன்படுத்திக் கார்கள் வேகம் குறைக்காமலே திரும்புகின்றன. நடப்பவர் கடக்க வேண்டிய தூரமும் நீளுகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் சுதாரிக்க எடுக்கும் ஒரு நொடியையும் சேர்த்து, உலர்ந்த சாலையில் நிற்க ஏறக்குறைய 28 மீட்டர் எடுக்கும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 13 மீட்டரில் நின்றுவிடும். இந்த வித்தியாசம் ஓர் உயிர். தீயணைப்பு வண்டி எப்படித் திரும்பும் என்ற கேள்வி எல்லாக் கூட்டங்களிலும் வரும், அது நியாயமான கேள்வியும்கூட. முனையின் உட்பகுதியைக் கனரக வண்டியின் சக்கரம் ஏறிச் செல்லக்கூடிய தாழ்வான கல்தளமாக அமைத்து, எதிரே வரும் வண்டிகளின் நிறுத்தக் கோட்டைச் சில மீட்டர் பின்னுக்குத் தள்ளினால், பெரிய வண்டி திரும்ப இடம் கிடைக்கும், சிறிய வண்டி மெதுவாகவே திரும்பும்.

முனைகளில் சிக்னல் நேரமும் சேர்ந்துகொள்கிறது. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 12.5 மீட்டர் வண்டிப்பாதையைப் பத்தரை நொடிக்குள் கடப்பார்; நொடிக்கு 0.9 மீட்டர் நடக்கும் முதியவருக்குப் பதினான்கு நொடி ஆகும். இந்த மூன்றரை நொடியைத் தர மறுக்கும் கணக்கீடுகளை நான் ஒப்புக்கொள்வதில்லை.

கிளைத்தெருவின் வாயில் நடைபாதையை இறக்காமல் அதே மட்டத்தில் தொடரச் செய்வது எளிய, அழகான தீர்வு. உள்ளே நுழையும் கார்தான் ஏறி இறங்க வேண்டும். ஆனால் உயர்த்தப்பட்ட அந்தத் தளம் மழைநீருக்கு அணையாகிவிடும் என்பதை வரைபடம் சொல்வதில்லை. நீர் வரும் பக்கத்தில் வடிகால் வாயை முன்பே திட்டமிடாவிட்டால், முதல் மழையிலேயே நடப்பவர் முழங்கால் நீரில் நிற்க நேரிடும்.

சாலையைக் குறைத்தால் நகரம் ஸ்தம்பித்துவிடும் என்ற அச்சத்துக்குச் சியோல் நல்ல விடை. 2003இல் செயோங்கேசெயோன் மேம்பாலச் சாலையை இடிக்கத் தொடங்கி, 2005இல் அதன் அடியில் மூடிக் கிடந்த ஓடையைத் திறந்தார்கள். பலரும் ஓடையை மட்டுமே பேசுகிறார்கள். இடையில் 2004இல் பேருந்து வழித்தடங்களையும் கட்டணத்தையும் முழுமையாகச் சீரமைத்து, சாலை நடுவே பேருந்துத் தடங்களை அமைத்ததை நான் சேர்த்தே சொல்வேன். காரிலிருந்து இறங்குபவருக்கு ஏறுவதற்கு ஒன்று தயாராக இருக்க வேண்டும். நியூயார்க் 2009இல் டைம்ஸ் சதுக்கத்தில் சாலையின் ஒரு பகுதியைத் தற்காலிகத் தடுப்புகளாலும் நாற்காலிகளாலும் மூடிச் சோதித்துவிட்டு, மறு ஆண்டு நிரந்தரமாக்குவதென முடிவெடுத்த முறையும் எனக்குப் பிடித்தமானது. ஓரக்கல்லைப் பதித்த பின் ஒரு முனையை நகர்த்த மாதங்கள் ஆகும், வர்ணக் கோட்டை ஓர் இரவில் மாற்றிவிடலாம்.

இப்போதெல்லாம் வரைபடம் இறுதியாகும் முன், துப்புரவுப் பணியாளர்களையும் பேருந்து ஓட்டுநர்களையும் கூட்டத்துக்கு அழைக்குமாறு வற்புறுத்துகிறேன். நிறுத்தத்துக்குப் பின்னால் ஒன்றரை மீட்டராகக் குறுகும் மிதிவண்டித் தடத்தில் சாலை பெருக்கும் இயந்திரம் நுழையுமா என்று முதலில் கேட்பவர்கள் அவர்கள்தான். நுழையாவிட்டால் அங்கு சருகும் கண்ணாடித் துண்டும் சேர்ந்து, மிதிவண்டிக்காரர் மீண்டும் பேருந்துத் தடத்துக்கே வந்துவிடுவார். அதனால் இயந்திரத்தின் அகலத்தை அளந்த பிறகே ஓரக்கல்லின் இடத்தைக் குறிக்கிறோம்.