மூன்று முறை கக்கிய பாம்பு

போன நவம்பரில் ஒரு நாள் காலை பாம்புப் பெட்டியைத் திறந்தேன். நாற்றம் தாங்க முடியவில்லை. மூன்று நாளுக்கு முன் விழுங்கிய எலி பாதி கரைந்து மூலையில் கிடந்தது. கோர்ன் ஸ்னேக் என்ற விஷமில்லாத வகை, எங்கள் வளர்ப்புப் பாம்பு. அதற்கு நாலு வயது. அதுவரை ஒரு வேளையும் தவறவிட்டதில்லை.

டொராண்டோவின் ஸ்காபரோவில் நாய் பூனை பார்க்கிற மிருக வைத்தியர்களுக்குக் குறைவில்லை. பாம்பு என்றதும்தான் தொலைபேசியில் மறுமுனை அமைதியாகிவிடும். நாலாவது இடத்தில் எட்டு நாள் கழித்து நேரம் தந்தார்கள். அதற்குள் ஒரு பிழை விட்டேன். பசிக்குமே என்று ஆறாம் நாள் இன்னொரு எலி கொடுத்தேன். அதுவும் வெளியே வந்தது.

வைத்தியர் கோபப்படவில்லை, ஆனால் தெளிவாகச் சொன்னார்: கக்கிய பாம்பின் தொண்டையும் குடலும் புண்ணாகியிருக்கும், இரண்டு வாரமாவது தண்ணீர் மட்டும் போதும், பிறகு குட்டி எலி. நிறுத்துப் பார்த்தார். முன்பு 412 கிராம் இருந்தது, 371 ஆகக் குறைந்திருந்தது. வயிற்றை விரலால் மெதுவாகத் தடவி வீக்கம் தேடினார். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி பாம்பின் இரைப்பைச் சுவரைத் தடிக்க வைக்கும். நடுவுடல் புடைக்கும், தின்றதைக் கக்கும், நம்பகமான மருந்து இல்லை. வீக்கம் தட்டுப்படவில்லை. எச்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். சாப்பிடாத பாம்பிடம் எச்சத்துக்குக் காத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

"நாகதம்பிரானுக்குப் பால் வைச்ச குடும்பமடி, நீ காசு குடுத்து எலி வாங்கிப் போடுறாய்," என்றார் அம்மா. அவருக்குக் காரணம் தெரிந்துவிட்டது, பாம்புத் தெய்வத்தின் கோபம். எனக்குத்தான் தெரியவில்லை.

அன்றிரவு மூன்று மணிக்கு எழும்பி, லேசர் வெப்பமானியால் பெட்டிக்குள் அளந்தேன். சூடான பக்கம் 29, 30 பாகையில் இருக்கவேண்டும், இருந்தது 23. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணரி இடம் மாறி, பெட்டியைச் சூடாக்கும் மின்பாயின் மேலேயே கிடந்தது. பெட்டி சூடாகிவிட்டது என்று அது எண்ணியதால் பாய் அடிக்கடி அணைந்திருக்கிறது. போதிய சூடில்லாமல் பாம்புக்குச் செரிக்காது. உள்ளே இருக்கும் எலி அழுகத் தொடங்கிவிடும். கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். உணரியைச் சரியான இடத்தில் ஒட்டி, இரண்டு வாரம் பொறுத்து, ஏழு கிராமில் ஒரு குட்டி எலி வைத்தேன்.

நாலாம் நாள் அதையும் கக்கியது.

பரிசோதனையோ 'இல்லை' என்று வந்தது. ஆனால் அந்த ஒட்டுண்ணி எல்லா நாளும் எச்சத்தில் வெளியேறாது, ஒரு 'இல்லை' போதாது என்றார் வைத்தியர். இரண்டாவது மாதிரி, மூன்றாவது மாதிரி. மாதிரியை பிரிட்ஜில் வைத்தது பற்றி என் கணவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை.

இம்முறை முழுதாக மூன்று வாரம் பட்டினி. பெட்டியை ஒரு துணியால் மூடினேன், யாரையும் தூக்க விடவில்லை. பிறகு அதே அளவு குட்டி எலி. அது தங்கியது. பத்து நாள் கழித்து அடுத்தது, அதுவும் தங்கியது. இப்போது எடை மெல்ல ஏறுகிறது.

குளிரா, நான் அவசரப்பட்டதா, வேறேதாவதா? வைத்தியரும் கையை விரிக்கிறார். மகனுக்கு வாக்குக் கொடுத்த இரண்டாவது பாம்புக்கென்று வாங்கிய பெட்டி நிலவறையில் வெறுமையாகவே இருக்கிறது. ஒட்டுண்ணி ஒளிந்திருந்தால் புதுப் பாம்புக்கும் தொற்றலாம். மார்ச்சில் நாலாவது மாதிரி அனுப்பவேண்டும்.