அம்மாவோட எலிஃபெண்டா: திங்கட்கிழமை மட்டும் போயிடாதீங்க

முதல்ல இதைச் சொல்லிடறேன். மும்பை பக்கத்துத் தீவுல இருக்கற எலிஃபெண்டா குகை திங்கட்கிழமை லீவு. நாங்க சரியா திங்கட்கிழமைதான் போய் நின்னோம். செம்பூர்ல அக்கா வீட்லேருந்து காலைல ஏழரைக்கே கிளம்பி, ஹார்பர் லைன் லோக்கல் ரயில்ல ஆபீஸ் கூட்டத்துல அம்மாவை ஏத்தி இறக்கி, சிஎஸ்எம்டி ஸ்டேஷன் வாசல்ல ஒரு டாக்ஸிக்காரர், படகு கிளம்புற கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு 300 ரூபா கேட்டாரு, ரெண்டரை கிலோமீட்டர் இருந்தா பெருசு, மீட்டர் போடுங்கன்னா முடியாதுங்கறாரு, அம்மாவுக்கு முட்டி வலி, சரின்னு ஏறிட்டோம். இறங்கினா படகுக்காரங்க "ஆஜ் பந்த் ஹை"ங்கறாங்க. வழி பூரா எங்க போறீங்க என்னன்னு கேட்டுட்டு வந்த மனுஷன் இன்னைக்கு மூடியிருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இப்ப நினைச்சாலும் எரியுது. மும்பைல போற தூரத்துக்கு மீட்டர் போடுற டாக்ஸிதான் அதிகம், போடலேன்னா தயங்காம அடுத்த வண்டிக்குப் போங்க. சிஎஸ்எம்டிலேருந்தே கேட்வே பக்கம் பெஸ்ட்ங்கற டவுன் பஸ் இருக்கு, மறுநாள் அதுலதான் போனோம், டாக்ஸி காசுல பத்துல ஒரு பங்கு கூட ஆகல.

செவ்வாய்க்கிழமை ஒம்போது மணி படகு. போக வர 260 ரூபா, மேல்தட்டுல உக்கார ஆளுக்கு பத்து ரூபா தனியா. அந்தப் பத்து ரூபாயை யோசிக்காம குடுங்க. கீழ டீசல் வாடை, மேல காத்து. 2024 டிசம்பர் 18-ம் தேதி இதே தண்ணிலதான் ஒரு கடற்படை ஸ்பீட் போட் வந்து பயணிகள் படகுல மோதி பத்துப் பேருக்கு மேல செத்துப் போனாங்க, அதுக்கப்புறம் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்னு ஆச்சு. எங்க படகுல பாதிப் பேர் அதைக் கழட்டி மடில வச்சிட்டு செல்ஃபி எடுத்துட்டிருந்தாங்க. தயவு செஞ்சு அப்படிப் பண்ணாதீங்க, குழந்தைக்கு பெல்ட்டை நீங்களே இறுக்கிக் கட்டுங்க.

ஒரு மணி நேரம். எண்ணெய்க் கப்பல் நிக்கிற புச்சர் தீவு, அந்தப் பக்கம் நவா ஷேவா துறைமுகத்து கிரேன் வரிசை, எல்லாம் தாண்டி தீவு வருது. ஊர்க்காரங்க இதை காராபுரின்னுதான் சொல்றாங்க. போர்ச்சுகீசியர் வந்தப்ப இங்க ஒரு பெரிய கல் யானை இருந்துச்சு, அதை வச்சுதான் எலிஃபெண்டான்னு பேரு. அந்த யானையை வெள்ளைக்காரங்க இங்கிலாந்துக்குக் கொண்டு போகப் பாத்து, தூக்கும்போது விழுந்து துண்டு துண்டாப் போச்சு. ஒட்ட வச்சு மும்பைல பைகுல்லா ராணி பாக் பூங்கா பக்கத்து மியூசியத்துல நிறுத்தியிருக்காங்க. தீவுல யானையைத் தேடாதீங்க.

இறங்கினதும் ஒரு பொம்மை ரயில் படிக்கட்டு அடிவாரம் வரைக்கும் போகுது. அதுக்கப்புறம் 120 படி. ரெண்டு பக்கமும் நீல தார்ப்பாய் போட்ட கடை, மாலை, கல் பொம்மை, மசாலா தூவின மாங்காய். அம்மாவுக்கு டோலி விசாரிச்சேன், சொன்ன தொகையைக் கேட்டதும் அம்மா "அந்தக் காசுக்கு நான் மதுரைக்கே போயிடுவேன்டா, நட" ன்னுட்டாங்க. பத்துப் படி ஏறுவாங்க, ஒரு கடை ஸ்டூல்ல உக்காருவாங்க, எந்தக் கடைக்காரரும் எதுவும் வாங்கச் சொல்லல, ஒரு அம்மா தண்ணியே குடுத்தாங்க. நாப்பது நிமிஷத்துல மேல போயிட்டோம். பஞ்சாயத்து வரி பத்து ரூபா, தொல்லியல் துறை டிக்கெட் 40 ரூபா. பையில தின்பண்டம் தெரியற மாதிரி வைக்காதீங்க, எனக்கு முன்னாடி போன பொண்ணு கையில இருந்த மாங்காயை குரங்கு பொட்டலத்தோட பறிச்சிட்டுப் போச்சு.

இப்ப முதல் குகை. இதுக்குத்தான் இவ்வளவும்.

உள்ள நுழைஞ்சதும் கண்ணு இருட்டுக்குப் பழகணும், அவசரப்படாதீங்க. மலையைக் குடைஞ்சுட்டே போகும்போது விட்டு வச்ச பாறைதான் தூணு, சிலது உடைஞ்சு பின்னால சரி பண்ணிருக்காங்க. நேரா உள்ள போனா தெற்குச் சுவர்ல இருட்டுக்குள்ளேருந்து மூணு முகம் மெதுவா வெளிய வருது. பதினேழு அடிக்கு மேல உயரம். ஆறாம் நூற்றாண்டு வேலை. கீழ நின்ன ஒரு கைடு பிரம்மா, விஷ்ணு, சிவன்னு சொல்லிட்டிருந்தாரு, அதுக்கு ஆயிரக்கணக்குல காசு வேற கேக்கறாங்க. மூணுமே சிவன்தான், சதாசிவம். நம்ம இடது கைப் பக்கம் மீசையும் பாம்புமா கோபமான பைரவர், வலது கைப் பக்கம் சுருள் சுருளா முடி, கையில தாமரை, அது சிவனோட உமை வடிவம். நடு முகத்துக்கு கண்ணு மூடியிருக்கு. கீழ் உதடு கொஞ்சம் தடிமனா, இப்ப மூச்சு விடப் போற மாதிரி. கைடு வேண்டாம், போறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் படிச்சிட்டுப் போங்க போதும்.

அம்மா அங்க ரொம்ப நேரம் நிக்கல. சிவன் பார்வதி கல்யாணத்தைக் காட்டற கல்யாணசுந்தரர் சிற்பத்துக்கு முன்னாடிதான் நின்னுட்டாங்க. இடுப்புக்குக் கீழ எல்லாம் சிதைஞ்சு போயிருக்கு, கை இல்ல, போர்ச்சுகீசியர் சுட்டுப் பழகினாங்கன்னு சொல்றாங்க, பாக்கவே வயிறு எரியுது. ஆனா பார்வதி முகம் தப்பிச்சிருக்கு. "பொண்ணைப் பாரேன், தலையைத் தூக்க மாட்டேங்குது"ன்னாங்க அம்மா. அப்புறம் "வலப்பக்கம் நிக்கிறா, அப்ப இன்னும் கல்யாணம் முடியல"ன்னாங்க. எந்தக் கைடு இதைச் சொல்வாரு? கிழக்குப் பக்கம் இராவணன் கைலாயத்தைத் தூக்கற சிற்பம், நிறையவே உடைஞ்சிருக்கு. சம்பந்தர் பதிகத்துல எட்டாவது பாட்டுன்னா இராவணன் வந்துடுவான்னு சொல்லிட்டே, சன்னக் குரல்ல ஒரு பாட்டு முழுக்கப் பாடினாங்க. குகைக்குள்ள அந்தக் குரல் சுத்திச் சுத்தி வந்துச்சு. பக்கத்துல நின்ன மராத்திக் குடும்பம் செருப்புக் காலோட நின்னவங்க, பின்னால தள்ளி நின்னு கை கூப்பினாங்க.

பதினொண்ணரைக்கு மேல கூட்டம் கொட்டிடுச்சு, அதனால முதல் படகுதான் சரி. மத்த குகையெல்லாம் பாதி வேலையோடவோ சிதைஞ்சோ நிக்குது, நேரமிருந்தா பாருங்க. பீரங்கி மலைக்கு நான் மட்டும் ஓடிப் போய் பாத்துட்டு வந்தேன்.

சாப்பாடு! படிக்கட்டு பக்கத்து ஹோட்டல்ல மெனு விலையைப் பாத்துட்டு வெளிய வந்துட்டோம். கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு வீட்டுத் திண்ணைல ரெண்டு மேஜை. எனக்கு பொம்பில் மீன் வறுவல், பாக்ரின்னு அரிசி ரொட்டி, கோக்கம்ங்கற புளிப்புப் பழம் போட்ட சோல்கடி பானம். அம்மாவுக்கு பருப்பு, சோறு, உருளைக்கிழங்கு, தனி வாணலில பண்ணிக் குடுத்தாங்க. பொம்பில் மேல ரவை மொறுமொறுன்னு, உள்ள வாயில வச்சதும் கரையுது, முள்ளு கூட மெல்லிசா நாக்குல மடங்குது. ரெண்டு பேருக்கும் 450 ரூபா. இந்தப் பயணத்துல மனசாரக் குடுத்த காசு இதுதான்.

கடைசிப் படகு அஞ்சரைக்கு, அதுவரைக்கும் இருக்காதீங்க, கூட்டம் முண்டும். நாங்க மூணு மணி படகுல ஏறினோம். செவ்வாய்க்கிழமை மட்டும் கணக்குப் பாத்தா ரயில், பஸ், படகு, டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேத்து ரெண்டு பேருக்கும் 1,200 ரூபாய்க்குள்ள. திரும்பும்போது படகு கூடவே கடல் காகம் பறந்து வந்துச்சு. அம்மா என் தோள்ல சாஞ்சுட்டு, எட்டாவது பாட்டை முடிச்சு ஒம்போதாவதுக்குப் போயிட்டாங்க.